ஓகஸ்ட் ஒன்பது தெரிந்தவர்கள்

மார்ச் 11, செவ்வாய்

இன்றைக்கும் அதே நம்பர். 0043 என்று தொடங்கி 77 என்று முடிகிறது. பக்கத்து நாடு ஒஸ்ரியாவின் நம்பர். ஒஸ்ரியாவில் எங்களுக்கு ஒரு பூனையைக்கூடத் தெரியாது. நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு கிழவருக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்ததால் எடுக்கவில்லை.

என்னுடைய போனில் இருப்பது என் மனுசன் உமாபதியின் பழைய நம்பர். இரண்டு வருடத்துக்கு முன் இவர் அந்த இணையச் சூதாட்டத் தளத்தை விட்டு வெளியே வந்தபோது, இவருக்குப் புது நம்பர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பழையதை நான் போட்டுக்கொண்டேன். எவன் இவரைத் தேடி எடுக்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும். "உமக்குப் பொலிஸ் வேலைதான் சரி" என்று அப்போது சிரித்தார். சிரிக்கட்டும்.

மார்ச் 13, வியாழன்

எடுத்துவிட்டேன். எடுத்திருக்கக் கூடாதோ?

ஒரு பெண். சீனிப்பாகு மாதிரிக் குரல், நல்ல ஜேர்மன். ஹெர் உமாபதி இருக்கிறாரா என்றாள். மனைவி என்றேன். அவ்வளவுதான், கொட்டத் தொடங்கிவிட்டாள். சூதாட்டத்தில் விட்ட காசை மீட்டுக் கொடுக்கும் நிறுவனமாம். முதலில் ஒரு சிறு கட்டணம் கட்ட வேண்டுமாம். விபரம் சரிபார்க்கிறேன் என்று சொல்லி, எந்தத் தளம், எப்போது தானாகவே விலகினார், மூல்ஹைமில் எங்கள் தெருவின் பெயர், வீட்டு இலக்கம், எல்லாம் ஒப்புவித்தாள். கடைசியாக, "பிறந்தது ஓகஸ்ட் ஒன்பது, எழுபத்தெட்டு. சரிதானே?"

போனை வைத்துவிட்டேன். தெருப் பெயரைக் கேட்டு வராத பயம் அந்தத் திகதியைக் கேட்டு வந்தது.

இந்த ஜேர்மன் நாட்டுக் கடதாசிகளில் உமாபதி பிறந்தது ஜனவரி ஒன்று. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பதினேழு வயதில் வந்திறங்கினவர். கந்தோரில் அப்படி எழுதிவிட்டார்கள். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் ஜனவரி ஒன்றில்தான் பிறந்திருக்கிறார்கள். இவர் வேலையில் கூட வருடம் பிறந்ததும் கேக் வெட்டிக் கைகுலுக்குகிறார்கள், இவரும் வெட்கமில்லாமல் வெட்டுகிறார். ஓகஸ்ட் ஒன்பது அவுஸ்வைஸ் என்கிற அடையாள அட்டையில் இல்லை, வங்கியில் இல்லை, வைத்தியரிடம் இல்லை. அது வீட்டுக்குள் வடையும் பாயாசமும் செய்கிற நாள். தெரிந்தவர்கள் நம்முடைய ஆட்கள் மட்டும்.

அந்த நம்பரைக் "கள்ளர்" என்று பதிந்து வைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

நம்முடைய ஆட்களில் ஓகஸ்ட் ஒன்பதும் தெரிந்து, இவர் சூதாடியதும் தெரிந்தவர்கள் யார்? இவர். நான். இவருடைய கூட்டாளி கிருபன்.

சீ.

ஏன் சீ?

மார்ச் 16, ஞாயிறு

கிருபனைப் பற்றி நிதானமாக யோசிக்க வேண்டும். இவரைவிட ஏழெட்டு வயது இளையவன், விமான நிலையத்தில் பொதி ஏற்றும் பகுதியில் வேலை, இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளி வீடு. எங்கள் வீட்டு வாசலில் மணி அடித்துக் காத்து நிற்காமல் நேரே உள்ளே வருகிற ஆள். சனிக்கிழமைகளில் இவரும் அவனும்தான் எங்கள் சங்கத்துப் பிள்ளைகளுக்கு உதைபந்து பழக்குகிறார்கள். அவனுடைய மகள் கவிசா கோல் காப்பவள். ஒவ்வொரு நாளும் வேலை முடிகிற நேரம் இவருக்கு எடுத்து ஏதாவது அலட்டுவான். அந்த அலட்டல்தான் இவருடைய கையை வேறு பக்கம் போகாமல் வைத்திருக்கிறது. அதை நான் வெளியில் சொன்னதில்லை, ஆனால் தெரியும்.

இவர் உடைந்துபோய் என்னிடம் எல்லாம் சொன்ன நாளில் நான் கூப்பிட்டது கிருபனைத்தான். வந்தான், உட்கார்ந்தான், எந்தத் தளமும் இவரை உள்ளே விடாதபடி தடை போடும் அன்ராக்கை, அந்த விண்ணப்பத்தை, மளமளவென்று நிரப்பி அனுப்பினான். ஒரு இடத்திலும் நின்று யோசிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அவன் தெய்வம் மாதிரி. இன்றைக்கு யோசிக்கிறேன், ஒரு கடவுச்சீட்டுப் படிவத்துக்கே பத்துப் பேரிடம் கேட்கிற பிறவி, இதை மட்டும் எப்படிக் கரைத்துக் குடித்திருந்தான்? யாரோடு சேர்ந்து பழகினான்?

ஏப்ரல் 2, புதன்

இவரிடம் கேட்டேன். "அந்தத் திகதியை அவங்களுக்கு ஆர் சொல்லியிருப்பினம்?"

"எனக்கென்ன தெரியும்."

"கிருபனாய் இருக்குமோ?"

சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிவிட்டார். "விசர்க்கதை கதையாதையும் பிரபா. அவன் என்ரை கூடப்பிறக்காத தம்பி."

கூடப்பிறந்தவர்களே விற்கிறார்கள். இவன் எம்மாத்திரம்.

ஏப்ரல் 24, வியாழன்

தளத்துக்கு எழுதிக் கேட்டிருந்தேன், இவருடைய கையெழுத்தோடு. இன்று பதில். தங்கள் பக்கத்தில் எந்தத் தவறுக்கும் அறிகுறி இல்லையாம். விபரங்களை அழிக்க முடியாதாம், சட்டப்படி ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டுமாம். வாடிக்கையாளரின் நம்பிக்கை அவர்களுக்கு மிகவும் பெறுமதியானதாம். வைத்திருங்கோ, வேண்டாம் என்று யார் சொன்னது? பூட்டி வைத்திருங்கோ என்றுதானே கேட்கிறேன்.

எங்கள் கண்ணாடிக் கடையில் ஒருவருடைய கண் அளவைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி சொல்லக்கூடாது. போன வருடம் ஒரு வாடிக்கையாளரின் அட்டையை மேசையில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனதற்கு முதலாளி அம்மா என்னைக் கூப்பிட்டுப் பிடிபிடியென்று பிடித்தார். வெறும் கண்ணாடி நம்பர்! இவர்களிடம் ஒரு மனிதனுடைய வெட்கம் முழுவதும் இருக்கிறது. யாருமே யாரையும் பிடிப்பதில்லையா?

ஆனால் கடிதத்தில் ஒன்று இருக்கிறது. தங்களிடம் பதிவாகியிருக்கும் பிறந்த திகதி ஜனவரி ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் ஓகஸ்ட் ஒன்பது அங்கேயிருந்து போகவில்லை.

எங்கேயிருந்து போனது? எனக்கு விடை வந்துவிட்டது. எழுதத்தான் கை வரவில்லை.

மே 17, சனி

பொறி வைத்தேன்.

பயிற்சி முடிந்து கிருபன் வீட்டுக்கு வந்தான். இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, "ஒருத்தருக்கும் சொல்லாதை, நாங்கள் ஆவணியிலை பொன் நகரத்துக்கு வீடு மாறப்போறம்" என்றேன். பச்சைப் பொய். பொன் என்கிற அந்த ஊரில் எங்களுக்கு என்ன வேலை? அந்தக் கள்ளி அடுத்த முறை எடுக்கும்போது "பொன்னுக்குப் போகிறீர்களாமே" என்று சொல்கிறாளா பார்ப்போம்.

கிருபனுடைய முகம் வாடிப்போய்விட்டது. "அப்ப அண்ணையோடை பயிற்சிக்கு ஆர் அக்கா?" என்றான். நன்றாகத்தான் நடிக்கிறான்.

மே 23, வெள்ளி

பொறி விழுந்தது! ஆனால் நான் வைத்த பக்கத்தில் இல்லை.

தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், பின்னால் கஜந்தியின் குரல். கிருபனுடைய மனுசி. "என்ன அக்கா, பொன்னுக்கு மாறப்போறீங்களாம்? எங்களை விட்டிட்டுப் போக மனம் வருதோ?"

ஒருத்தருக்கும் சொல்லாதே என்று சொல்லி ஒரு கிழமைகூட ஆகவில்லை. வாய் அவ்வளவுதான். கிருபனின் வாயில் எதுவும் தங்காது. எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஜூன் 22, ஞாயிறு

ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேர். வழக்கம்போல கிருபனின் வான் வண்டியில் எல்லோரும் ஒன்றாகப் போனோம். நான் வரமாட்டேன் என்றேன், இவர் கேட்கவில்லை. வழி முழுக்க யன்னலையே பார்த்துக்கொண்டு போனேன்.

அம்மன் தேர் வீதி சுற்றி வந்து இருப்பிடத்தில் நின்றபிறகு கால்வாய்க் கரையில் நிழல் பார்த்து இருந்தோம். ஆண்கள் தண்ணீர் வாங்கப் போய்விட்டார்கள். கஜந்தி என் தலையில் பூச் சரி பண்ணிவிட்டு, "ஏனக்கா இப்ப எங்களோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை?" என்று கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம். எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"உம்மட மனுசனைக் கேளும். என்ரை மனுசன் சூதாடிக் கெட்ட கதையை எவனுக்கு வித்தவர் எண்டு கேளும். வீட்டு விலாசம், பிறந்தநாள் எல்லாம் சேர்த்து."

அவள் பூவைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. "உமாபதி அண்ணை சூதாடினவரோ?" என்றாள். "எனக்கு இப்ப நீங்கள் சொல்லித்தான் தெரியும்."

"ஓம், ஓம். நல்லா நடியும்."

பக்கத்தில் பாய் விரித்திருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. தெரியாத முகங்கள், நல்லகாலம். கஜந்தி எழும்பிப் போனாள். தண்ணீர்ப் போத்தலோடு வந்த இவரிடம் நானே சொன்னேன். நானும் இவரும் பக்கத்திலுள்ள ஹம் நகரத்திலிருந்து ரயில் பிடித்து வந்தோம். இவர் எதிர் இருக்கையில் இருந்தார், பக்கத்தில் இடம் இருந்தும்.

நான் செய்தது சரி. சரிதான்.

ஜூன் 28, சனி

பயிற்சிக்குக் கிருபன் வரவில்லை. கவிசாவும் இல்லை. கோல் காக்க ஆளில்லாமல் இவர் தானே போய் நின்றாராம்.

ஜூலை 9, புதன்

மாலை அலட்டல் அழைப்புகள் நின்றுவிட்டன. இவர் வேலை முடிந்து வந்து பல்கணியில் போனோடு இருக்கிறார்.

"என்ன பாக்கிறீங்கள்?"

"காலநிலை."

காலநிலை பார்க்க இவ்வளவு நேரமா? எழும்பிப் போய்ப் பார்த்தேன். உண்மையாகவே மழை வருமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. ஆனால் நாளைக்கும் எழும்பிப் போய்ப் பார்ப்பேன்.

பயமாக இருக்கிறது. தடை இருக்கிறது என்கிறார்கள். தடையை மதிக்காத தளம் எத்தனை இருக்கிறதோ. முன்பு இந்த நேரத்தை நிரப்பியவன் கிருபன். அவனை நான்தான் துரத்தினேன். துரோகி என்றால் துரத்தத்தானே வேண்டும்? ஒருவன் துரோகியாகவும் தூணாகவும் இருக்கலாமோ? எனக்குத் தெரியவில்லை.

ஓகஸ்ட் 9, சனி

காலையில் வடைக்கு அரைத்து வைத்துவிட்டு எண்ணெயைக் கொதிக்க விட்டேன். என் போனில் ஒரு குறுஞ்செய்தி.

"இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், உமாபதி! உங்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது." கீழே இலவசமாக விளையாட ஒரு இணைப்பு. வேறு ஒரு சூதாட்டத் தளத்தின் பெயர். நான் கேள்விப்பட்டதே இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. எழும்ப முடியாமல் எழும்பி வந்த மனிதனுக்கு, பிறந்தநாளைப் பார்த்து, மறுபடி விழ ஒரு பள்ளம் பரிசு! பிறகுதான் திகதி உறைத்தது. இது ஆள் எழுதின செய்தி இல்லை. ஏதோ ஒரு மெஷின் தன் பட்டியலைப் பார்த்து அனுப்புகிறது. அந்தப் பட்டியலில் ஓகஸ்ட் ஒன்பது இருக்கிறது. எவனும் போய் ஒரு மெஷினிடம் கோள் சொல்வதில்லையே.

இவரிடம் நீட்டினேன். வாசித்தார். கதிரையில் இருந்துவிட்டார்.

"முதல் முதல் அதுக்குள்ளை போனது என்ரை பிறந்தநாளிலைதான் பிரபா. சும்மா ஒருக்கா பாப்பம் எண்டு. பிறந்த திகதி கேட்டாங்கள். அண்டைக்குக் காலமைதான் நீர் பாயாசம் தந்தனீர். கை தன்ரை பாட்டிலை ஒன்பதை அடிச்சுப்போட்டுது."

"பேந்து?"

"பேந்து அவுஸ்வைஸ் படம் கேட்டவங்கள். அதிலை ஜனவரி ஒண்டு. மாத்திட்டாங்கள். நானும் மறந்துபோனன்."

மாற்றினார்களாம். கணக்கில் மாற்றினார்கள்; விளம்பரத்துக்குக் கொடுத்த இடத்தில் பழையது அப்படியே கிடந்திருக்கிறது. அங்கேயிருந்து எத்தனை கைக்குப் போனதோ. என் கேள்விக்குப் பதில் எழுதினவர்கள் எங்கே பார்த்து எழுதினார்கள்? தங்கள் வீட்டு அலமாரியில் மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றும் களவு போகவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

"இதை ஏன் எனக்கு அப்பவே சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"நீர் ஆர் சொன்னது எண்டுதானே கேட்டனீர். நான் எழுதினனானோ எண்டு கேக்கேல்லையே."

எண்ணெய் புகையத் தொடங்கிவிட்டது. வடை சுடவில்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

கிருபன் சொல்லவில்லை. இவர் சூதாடியதைத் தன் மனுசிக்குக்கூடச் சொல்லவில்லை. நண்பன் வீடு மாறுகிறான் என்று மனுசியிடம் சொல்லாமல் எந்தப் புருஷன் இருப்பான்? நான் அதை எடுத்து அவன் தலையில் கல்லாகப் போட்டேன். இவர் சூதாடிய கதையை வெளியில் விட்ட ஒரே ஆள் நான். அதுவும் அம்மன் வாசலில், ஒரு பாய்க்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருக்க.

குறுஞ்செய்தியைப் படம் எடுத்து, தளத்தின் பதிலையும் சேர்த்து, தரவுப் பாதுகாப்புக் கந்தோருக்கு முறைப்பாடு அனுப்பினோம். இவர் தானே இருந்து எழுதினார். விட்ட தொகையைக்கூட மறைக்கவில்லை. ஆறுதலாக இருந்தது.

ஓகஸ்ட் 16, சனி

கிருபன் வீட்டுக்குப் போனோம். கஜந்தி கதவைத் திறந்து "வாங்கோ" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கதிரையைக் காட்டினாள். கவிசா மட்டும் இவருடைய கையைப் பிடித்து, புதுக் கையுறை காட்ட பல்கணிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை. நடந்ததை எல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னேன், பொன் நகரப் பொறி உட்பட. கஜந்தி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள், பிறகு அழுதாள், பிறகு தேநீர் போட உள்ளே போனாள்.

"பரவாயில்லை அக்கா" என்றான் கிருபன். "நானெண்டாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன்." ஆள் மெலிந்திருந்தான்.

அப்போது மேசையில் கிடந்த அவனுடைய போன் சத்தமில்லாமல் வெளிச்சம் போட்டது. 0043. கடைசியில் 77.

நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். போனைக் கவிழ்த்து வைத்தான். கையை அதன் மேலேயே வைத்திருந்தான்.

ஐயோ கிருபன். அந்த அன்ராக்கை ஒரு இடத்திலும் நிற்காமல் நிரப்பினாயே. உனக்கே ஒருமுறை நிரப்பிக் கரைபாடமாக இருந்ததுதானே. மார்ச்சில், இல்லை ஜூனில், இந்தப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "எனக்கும்தான் எடுக்கிறாங்கள் அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்மேல் பழி இல்லை. அந்த வார்த்தை கஜந்தியின் காதில் விழும் என்றுதானே சொல்லாமல் விட்டாய். அதற்குப் பதிலாக என் கண்ணுக்குத் துரோகியாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாயா?

குசினிக்குள்ளிருந்து கஜந்தி, "ஆரப்பா போனிலை?"

அவன் என்னைத்தான் பார்த்தான்.

"ஏதோ விளம்பரக்காரர் கஜந்தி" என்றேன். "எனக்கும் வாறது. எடுக்காமல் விட்டால் சரி."

தேநீர் வந்தது. குடித்தோம். இவர் பல்கணியில் கவிசாவோடு கத்திக்கொண்டிருந்தார். இவருக்கு ஒன்றும் தெரியாது. இவருக்கும் நான் சொல்லப்போவதில்லை.

செப்டெம்பர் 3, புதன்

தளத்திலிருந்து மின்னஞ்சல். விளம்பரத்துக்காகத் தாங்கள் அமர்த்திய ஒரு நிறுவனத்தில் அனுமதியில்லாமல் யாரோ நுழைந்திருக்கிறார்களாம். பெயர், விலாசம், தொலைபேசி, பிறந்த திகதி, எப்போது விளையாடி எப்போது நிறுத்தினார்கள் என்பது வரை. வருந்துகிறார்களாம். கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறார்கள். பிறந்த திகதியை எப்படி மாற்றுவது? எங்களுக்காவது இரண்டு இருக்கிறது.

இவர் அதை எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார், முறைப்பாட்டோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்றார். வேறு எத்தனை வீடுகளில் இதே மின்னஞ்சலை ஒருவர் குளியலறைக்குள் கொண்டுபோய் வாசித்திருப்பார் என்று யோசித்தேன். இரண்டு தரிப்பிடம் தள்ளியும் ஒரு குளியலறை இருக்கிறது.

செப்டெம்பர் 13, சனி

கிருபன் மைதானத்துக்குத் திரும்ப வந்தான். இவர் அவன் முதுகில் ஒரு அடி போட்டார். இரண்டு பேருடைய மன்னிப்பும் அதோடு சரி. எனக்கு ஆம்பிளையாகப் பிறக்கவில்லையே என்று இருந்தது.

பந்து பொறுக்குகிற சாட்டில் அவனைத் தனியே பிடித்தேன். இன்னமும் விளையாடுகிறாயா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. "கஜந்திக்கு நீயாச் சொல்லு. என்ரை வாயிலை இருந்து வராது" என்று மட்டும் சொன்னேன். "ஓம் அக்கா" என்றான். எப்போது என்று சொல்லவில்லை.

செப்டெம்பர் 27, சனி

மைதானத்து மர வாங்கில் கஜந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கவிசாவுக்குக் கை காட்டிவிட்டுச் சொன்னாள். "அக்கா, அண்டைக்கு எங்கடை வீட்டிலை நீங்கள் சொன்னதிலை இருந்து எனக்கு ஒரு யோசினை. அண்ணைக்கு அந்தத் தடை போடுற அலுவலெல்லாம் இவர்தானே செய்தவர். இவருக்கு அது எப்பிடித் தெரியும்?"

நான் மார்ச்சில் கேட்ட அதே கேள்வி. அதே நெற்றிச் சுருக்கம்கூட. நான்தான் அவளுக்குள் போட்ட விதை.

"எங்களுக்காண்டி ஒரு கிழமையா ஆக்களிட்டை அலைஞ்சு கேட்டு அறிஞ்சவர்" என்றேன்.

"ஓமோ?"

"ஓம்."

என் முகத்தையே பார்த்தாள். நான் மைதானத்தைப் பார்த்தேன். நம்பினாளா தெரியவில்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்தால் நம்பமாட்டேன். அவளுக்கு நான் செய்தது நல்லதா என்பதும் தெரியவில்லை. அவன் அவளுக்குச் சொல்லும் வரைக்கும் இந்தக் கேள்வி என் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து, மார்ச்சிலிருந்து எழுதியதை ஒருமுறை வாசித்தேன். இப்போது இதைக் கிழிக்கப் போகிறேன். கீழே நீலப் பேப்பர்த் தொட்டியில் போட எனக்கு நம்பிக்கை இல்லை. வாளியில் ஊறவைத்துப் பிசைந்துதான் எறிவேன். நாளைக்குக் கஜந்தி சாறிக்குக் கரை தைக்க வருகிறாள். இப்போது மறுபடி மணி அடிக்காமல்தான் உள்ளே வருகிறாள்.